முதலாளிக்கும் பசங்களுக்கும் நடுவுல நிக்கிற மேனேஜருங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஒற்றியூர் கணக்கு:
சின்ன யூனிட்டுல மேனேஜரா இருக்கறவங்க படற பாட்டை யாரும் பேசறதே இல்ல, அதான் எழுதறேன். நான் சில கம்பெனிங்களுக்குப் பார்ட் டைமா கணக்கு எழுதறவன். அதுல ஒண்ணு ஃபேப்ரிகேஷன் பட்டறை. பெரிய கம்பெனிக்கு வேலை செஞ்சு அனுப்புவாங்க, பணம் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அன்னைக்கு சம்பள நாள். முதலாளி போனை எடுக்கல. வெல்டர் பசங்க கை கால் கழுவிட்டு வாசல்ல நிக்கறாங்க. ஒரு பில்லைக் கேக்கலாம்னு மேனேஜரைத் தேடிப் போனா, ஜெனரேட்டருக்குப் பின்னாடி நின்னு வீட்டம்மாகிட்ட போன்ல பேசிட்டு இருக்காரு. "செயினை மட்டும் வை. வளையலை வைக்காத, பாப்பா காதுகுத்துக்கு வேணும்."

சாயங்காலம் கவர்ல போட்டுக் குடுக்கும்போது ஒவ்வொருத்தன்கிட்டயும் "முதலாளி அனுப்பிட்டாருப்பா"ன்னாரு. "இதை எந்தத் தலைப்புல வரவு வைக்கறது சார்?"னு கேட்டேன். "முதலாளி கைக்காசுன்னு போடு"ன்னுட்டு அடுத்த கவரை எடுத்தாரு. அப்படியே போட்டேன். அந்த மாசக் கணக்கு பைசா பிசகாம டேலி ஆச்சு, அவர் பேரு மட்டும் எந்த லெட்ஜர்லயும் இல்ல. அதான் இன்னும் உறுத்துது.

ஐஸ்பார்:
நான் காசிமேடு பக்கம் ஐஸ் கம்பெனி மேனேஜர். தடைக்காலம் உங்களுக்கே தெரியும், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுக்கு எவ்ளோ ஐஸ் வேணும் சொல்லுங்க? ஓட்டினாலும் ஓட்டாட்டியும் கரன்ட்டுக்கு ஃபிக்சட் சார்ஜ் கட்டியாகணும். அதனால முதலாளியையும் குத்தம் சொல்ல முடியல. "ரெண்டு பேரைக் குறைச்சுடு, யாருன்னு நீயே பாரு"ன்னுட்டாரு. யாருன்னு அவரே சொல்லியிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காது.

நான் மனசுல வெச்சிருந்த பையன் அன்னைக்கு மதியம் டிபன் கேரியரோட வந்து நிக்கறான். "அம்மா உங்களுக்கும் சேத்துக் குடுத்தாங்கண்ணே." கருவாட்டுக் குழம்பு. ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். கை கழுவற தொட்டிகிட்ட நின்னுதான் சொன்னேன். அவன் கோவப்படல. கேரியரை ஒவ்வொரு அடுக்கா கழுவி, துடைச்சு, மூடி, "ஜூன்ல கூப்புடுவீங்கல்லண்ணே?"ன்னு மட்டும் கேட்டான். ஜூன்ல கூப்பிட்டேன். அதுக்குள்ள கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போய்ட்டான். அந்த வருஷம் தடைக்காலம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல.

மாதவரத்தான்:
நான் லாரி புக்கிங் ஆபீஸ் பாத்துக்கறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் கூப்புடுவாரு, "அண்ணே, சூலூர்பேட்டை தாண்டி ஆபீசர் நிறுத்திட்டாரு, இ-வே பில் டைம் முடிஞ்சிருச்சு"ன்னு. சரக்கோட போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு அது. ஒருநாள் போனே அடிக்கல, நானா எழுந்து உக்காந்து காதுல கைய வெச்சு "எங்க நிக்கற?"ன்னு கேட்டிருக்கேன். வீட்ல பயந்துட்டாங்க. என் கதை இவ்ளோதான்.

ஆனா கணக்கு சார், உங்க மேனேஜர் செஞ்சதை என்னால ஏத்துக்க முடியல. வீட்டம்மா நகையை வெச்சு சம்பளம் போட்டா, கம்பெனி நிலைமை எவ்ளோ மோசம்னு முதலாளிக்கே உறைக்காது. பட்டறைக்கு உத்யம், அதான் அரசாங்கத்தோட சிறுதொழில் பதிவு, பண்ணியிருக்கா? பண்ணியிருந்தா 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, எவ்ளோ பெரிய கம்பெனியா இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தந்தாகணும். எழுத்துல ஒப்பந்தமே இல்லாட்டி 15 நாள்தான். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் வட்டிக்கு வட்டி. எம்எஸ்எம்இ துறையோட ஆன்லைன் தளத்துல புகார் போடலாம். வருமான வரியிலயும் பிடி போட்டுட்டாங்க: கெடு தாண்டி பாக்கி வெச்சா, பணம் குடுக்கற வரைக்கும் அதைச் செலவாக் கழிக்க முடியாது. அவங்க வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் மாசம் போய் நின்னு கேளுங்க.

ரெண்டாவது, உடம்பு. ஐஸ்பார் தம்பி, தூக்கம் வரல, படபடப்பா இருக்கு, வீட்ல எரிஞ்சு விழறோம்னா டீ குடிச்சு ஓட்டாதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது. காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. நேர்ல போகணும்னா ஸ்டான்லி ஜி.ஹெச். இருக்கு. அப்புறம் ஆளைக் குறைக்கணும்னா முதலாளியும் பக்கத்துல நிக்கணும்னு கண்டிஷன் போடுங்க. சம்பள நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவரோட உக்காந்து, யார் யார்கிட்டேர்ந்து எவ்ளோ வரணும்னு ஒரு தாள்ல எழுதுங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்குமாவது போனை அணைச்சு வைங்க. முதல் வாரம் திட்டுவாங்க, அப்புறம் பழகிடும்.

லேத்துக்காரன்:
மாதவரத்தான் அண்ணே, சட்டமெல்லாம் எங்களுக்கும் தெரியும். புகார் போட்டா பழைய பணம் வரும், புது ஆர்டர் வராது. எனக்கு இருக்கறதே ரெண்டு பார்ட்டி. ஒருத்தர் மேல புகார் போட்டா மிச்சம் இருக்கறவரும் உஷாராயிடுவாரு. வியாசர்பாடில பட்டறை, முதலாளி, மேனேஜர், டெலிவரி எல்லாம் நானேதான். முதலாளின்னாலே எதிராளின்னு பேசாதீங்க, எங்களையும் சேத்துக்குங்க.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். இடுப்பளவு தண்ணில தட்டுத் தடுமாறி பட்டறைக்குப் போறேன், எனக்கு முன்னாடியே பசங்க ரெண்டு பேரு பின்பக்க ஷீட்டைப் பிரிச்சு உள்ள இறங்கியிருக்காங்க. மோட்டரைக் கழட்டி பலகை மேல ஏத்தியாச்சு. லேத்து பெட்டு தண்ணிக்குள்ள, மேல ஆயில் மிதக்குது. அதுல ஒருத்தன் தன் வீட்டுச் சாமானைக்கூட மேல எடுத்து வெக்காம வந்தவன். அவன் என் மூஞ்சியப் பாத்துட்டு "பயப்படாதண்ணே, கழட்டி மாட்டிரலாம்"ன்றான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அவன் எதிர்ல உடையக்கூடாதுன்னு, தண்ணிக்குள்ள ஸ்பேனர் தேடற மாதிரி குனிஞ்சிட்டேன். முதலாளி கலங்கினா பசங்களுக்கு வேலை போயிடுமோன்னு பயம் வந்துடும், அதனால எங்கயும் காட்ட முடியறதில்ல. இப்பவும் பெருமழை பேஞ்சா நடுராத்திரி எழுந்து பட்டறையைப் பாத்துட்டு வந்துதான் படுக்கறேன்.

வண்ணை அக்கா:
என் விஷயம் வேற. எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துல தையல் யூனிட்டு. டெய்லரா சேந்து இன்சார்ஜ் ஆனவ நான். தீபாவளி முடிஞ்சு நவம்பர்ல சம்பளத்தை 22,000 ஆக்கினாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. ஜனவரில அம்மாவுக்கு ஷுகர் மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி போனா, கவுன்டர்ல கார்டு நடப்புல இல்லன்னுட்டாங்க. கம்பெனில கேட்டா, 21,000 தாண்டினா இ.எஸ்.ஐ. கிடையாதாம்.

கவுன்டர்ல எனக்குப் பின்னாடி நின்னது எங்க யூனிட்டுப் பொண்ணு. அவளுக்கு ஃபார்ம் எழுதி கார்டு வாங்கிக் குடுத்ததே நான்தான். "என்னாச்சுக்கா?"ன்னா. "ஒண்ணுமில்லடி, நீ வாங்கு"ன்னு தள்ளி நின்னேன். அவ வாங்குன மாத்திரைக் கவரை என் கையில குடுத்து, "செத்த புடிங்கக்கா, பாத்ரூம் போய்ட்டு வரேன்"னா. அவ வர்ற வரைக்கும் அதைப் புடிச்சிட்டு நின்னேன். மறுநாள் காலைல அவளுக்கு டார்கெட் குடுக்கணும், பீஸ் குறைஞ்சா ஏன்னு கேக்கணும். ஏத்துன சம்பளத்தை விட இப்ப மாத்திரைக்கு அதிகமா போகுது.

மாதவரத்தான்:
அக்கா, தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் ஒண்ணு போட்டுடுங்க.

வண்ணை அக்கா:
வயசானவங்க, ஷுகர் வேற. பிரீமியம் என்னன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்கண்ணே.

ஒற்றியூர் கணக்கு:
அக்கா, இருங்க. இ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டற பீரியட் ரெண்டு: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். நடுவுல சம்பளம் 21,000 தாண்டினா உடனே நிறுத்தக்கூடாது, அந்த பீரியட் முடியற வரைக்கும் பிடிச்சுக் கட்டணும். உங்களுக்கு மார்ச் வரைக்கும் கட்டியிருக்கணும். தவிர, ஏப்ரல்–செப்டம்பர் கட்டுனதுக்கு ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு. ஜனவரில உங்க கார்டு செல்லியிருக்கணும். டிசம்பர் சம்பள ஸ்லிப்புல இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடிச்சிருக்காங்களா?

வண்ணை அக்கா:
இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். நவம்பர்லேர்ந்து அந்த வரியே இல்ல.

ஒற்றியூர் கணக்கு:
அப்ப கணக்கு பாக்கறவர் உங்களை நவம்பர்லயே வெளிய எடுத்துட்டாருன்னு நினைக்கறேன். அக்டோபர்லேர்ந்து எல்லா ஸ்லிப்பையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. இன்சூரன்ஸ் நம்பரை இங்க போடாதீங்க, தனியா மெசேஜ்ல அனுப்புங்க. கம்பெனில இ.எஸ்.ஐ. யார் பாக்கறாங்கன்னும் சொல்லுங்க, நாளைக்கு நானே பேசறேன்.