வெக்கைக்கும் தகரக் கூரைக்கும் நடுவில்: ஓப்பன் பேக்கா, குளோஸ்ட் பேக்கா?

கல்லடிக்கரை:
வணக்கம். என் பழைய ஹெட்செட் முடிந்துவிட்டது. கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க மூடியிருக்கும் குளோஸ்ட் பேக் அது. ரெக்சின் பேட் வியர்வையில் ஊறி ஊறிக் கறுப்புச் செதிலாக உரிந்து, காதுமடலிலும் கழுத்திலும் ஒட்டுகிறது. உள்ளே இருக்கும் நுரை மஞ்சளாகித் தூளாகக் கொட்டுகிறது. இரவு ஒன்பதரைக்குப் பிறகு அக்கரைப்பற்றுப் பொடியன்களோடு இரண்டு, மூன்று மணி நேரம் வெலோரன்ட் என்ற சுடும் கேம் விளையாடுகிறேன். அறையில் ஏசி இல்லை. மேலே ஃபேன், அதற்கு மேலே தகரம். பக்கத்து அறையில் அம்மம்மா படுத்திருக்கிறார். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. வெளிப்பக்கம் வலையாகத் திறந்திருக்கும் ஓப்பன் பேக் எடுக்கலாமா?

மருதமுனையான்:
எடுங்கள் தம்பி. நான் மூன்று வருடமாக பிலிப்ஸ் எஸ்எச்பி9500 போடுகிறேன், மச்சான் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. வெளிப்பக்கம் முழுக்க வலை, பேட் துணி. ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போதும் காது வேகாது. மின்தடை 32 ஓம்தான் என்பதால் லாப்டாப்பில் நேராகக் குத்தினாலே சத்தம் போதும். டிரைவரின், அதாவது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின், பின்பக்கச் சத்தம் வலையால் வெளியேறிவிடும், கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாது. அதனால் எதிரி இடதுபக்கப் படியில் ஏறுகிறான் என்றால் அது உங்கள் மண்டைக்குள் கேட்காது, அறையின் அந்த மூலையில் கேட்கும். ஒரு குறை, மைக் இல்லை. தனியாக வாங்க வேண்டும்.

ஆரையூர்:
மருதமுனைக் காக்கா, தம்பி ஃபேனையும் தகரத்தையும் சொல்லித்தானே கேட்டார். சத்தம் வெளியே போகும் வலையால் உள்ளேயும் வரும். கார்த்திகை, மார்கழியில் தகரத்தில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே விளங்காது, காலடி எங்கே கேட்கப்போகிறது? கை தானாக வொலியூமைக் கூட்டும். என் பயம் அதுதான்.

அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் வேலைத்தளங்களுக்குச் சொல்லும் அளவு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. தம்பி விளையாடும் நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நான் கொழும்பு பஸ்ஸில் இன்ஜின் சத்தத்தை வெல்ல இயர்போனைக் கூட்டிக் கூட்டிக் கேட்டவன். இப்போது வலது காதில் 'கூ' என்று ஒரு சத்தம், லைட்டை அணைத்துப் படுத்தால் அது மட்டும்தான் கேட்கும். இன்னொரு பொடியனுக்கு அது வரக்கூடாது.

மருதமுனையான்:
உங்கள் காதுக்கு அப்படி ஆனது கவலை, தம்பி. மழை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளோஸ்ட் பேக் எல்லாச் சத்தத்தையும் மறிக்கும் என்று நினைக்காதீர்கள். கீச்சுச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஃபேனின் அடி உறுமல் அதற்குள்ளும் வரத்தான் செய்யும். மாரி மூன்று மாதம், வெக்கை மிச்சம் முழுக்க. வியர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கழற்றித் துடைக்கிற ஹெட்செட்டில் என்ன காலடி கேட்பது?

செங்கலடிப் பிள்ளை:
கண்ணாடி போடுகிறவர்களையும் யோசியுங்கள். என் குளோஸ்ட் பேக்கில் கண்ணாடிக் கால் பேட்டைத் தூக்கி, ஒரு விரல்நுனி போகும் அளவு இடைவெளி விடுகிறது. அதனால் பேஸ், அதாவது அடிச் சத்தம், ஒழுகிப் போகிறது, வெளிச்சத்தமும் வருகிறது. காது மடிப்பில் நோவு வேறு. ஓப்பனில் அந்த வித்தியாசம் குறைவு. ஆனால் ஓப்பன் போட்டு மைக்கைத் திறந்து வைத்தபோது, கூட விளையாடியவர்கள் தங்கள் குரலே திரும்பி வருகிறது என்று ஏசினார்கள். பட்டனை அழுத்திக் கதைக்கும் முறைக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

ஆரையூர்:
வியர்வைக்கு வழி இருக்கிறது தங்கச்சி. வெல்வெட் பேட் போட்ட குளோஸ்ட் பேக் எடுக்கலாம். பேயர்டைனமிக் டிடி 770 புரோவில் அதுதான் வரும். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 வந்த புதிதில் பெட்டிக்குள் ரெக்சின், வெல்வெட் இரண்டும் இருந்தன. வெல்வெட்டில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும், உண்மை. ஆனாலும் வலையை விட நல்லது. அப்புறம், ஓப்பனில் போகும் துவக்குச் சத்தம் பக்கத்து அறைக் கிழவியின் நித்திரைக்குப் போகாதா?

இன்னொன்று, '7.1 சரவுண்ட்', அதாவது சுற்றிலும் சத்தம் கேட்கும், என்று போட்டிருக்கிறது என்று கூடக் காசு கொடுக்க வேண்டாம். உள்ளே பெரும்பாலும் காதுக்கொரு டிரைவர்தான், மிச்சம் சொஃப்ட்வேர். வெலோரன்டிலேயே சத்தம் வரும் திசையைக் காதுக்குக் காட்டும் எச்ஆர்டிஎஃப் இருக்கிறது. அதை ஓன் செய்தால் ஹெட்செட்டின் 7.1ஐ அணைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும்.

மருதமுனையான்:
7.1 விஷயத்தில் நானும் அதே கட்சி. தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு வாங்கள். என்னுடையதை இரண்டு இரவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். மைக்கும் தருகிறேன்.

கல்லடிக்கரை:
மருதமுனைக் காக்காவின் ஹெட்செட்டை இரண்டு இரவும் போட்டேன். ஃபேன் ஐந்தில் ஓடியபோது ஆரையூர் அண்ணா சொன்னதுதான் நடந்தது. மெல்ல நடந்து வந்தவன் முதுகில் சுடும்வரை தெரியவில்லை, வொலியூமையும் கூட்டினேன். ஃபேனை இரண்டுக்கு இறக்கியதும் கேட்டது. அந்தக் காற்றிலும் காது வியர்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மாவை வெளியே நிற்கச் சொன்னேன். நுளம்பு பறப்பதுபோல ஏதோ கேட்கிறது என்றார், அவ்வளவுதான்.

சனி இரவு பதினொன்றரை இருக்கும், அம்மம்மா "தம்பி, தண்ணி" என்றார். முதல் கூப்பிட்டிலேயே எழுந்து போனேன். பழைய ஹெட்செட்டோடு இருந்த காலத்தில் அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அம்மா நித்திரையிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்குவார். அம்மம்மா இப்போது சத்தமாகக் கூப்பிட முடியாத நிலையில் இருக்கிறார். ஓப்பன்தான் எடுக்கப்போகிறேன்.

ஆரையூர்:
அம்மம்மா கூப்பிடுவது கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். எடுங்கள். ஆனால் ஃபேன் இரண்டில் ஓடும்போது வொலியூம் எத்தனையில் வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். மாரியில் அந்த எண்ணைத் தாண்ட வேண்டி வந்தால் அன்றிரவு விளையாட்டை விடுங்கள்.

கல்லடிக்கரை:
36 அண்ணா. மேசை விளிம்பில் பேனாவால் எழுதிவிட்டேன்.