பால் ஆகாத பிள்ளைக்கு நுவரெலியாவில் எந்தப் பால்? கேக்கும் செய்யணும், அவசரம்!

திருச்சிக்காரி: திருச்சியிலிருந்து நுவரெலியாவுக்குப் புதுசா குடி வந்திருக்கோம். பொண்ணுக்குப் பால் ஆகாது. கொண்டு வந்த பாதாம் பால் தீர்ந்துபோச்சு. தேங்காய்ப்பால் ஊத்திப் பாயசம் வச்சா திரிஞ்சு எண்ணெய் தனியா மிதக்குது. கேக்கும் நடுவுல அமுங்கிடுது. நாளை மறுநாள் பிறந்தநாள். எதை வாங்குறது? சீக்கிரம் சொல்லுங்க.

ஹட்டன் அக்கா: தங்கச்சி, புதுசா வந்தவங்களுக்கு முதல் சில மாசம் இந்தக் குளிர்தான் பெரிய கஷ்டம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ போனாலே உறைஞ்சிரும், அங்க போத்தல்ல எப்பவும் கட்டிதான். மாவும் லேசுல புளிக்காது, அடுப்புப் பக்கத்துல மூடி வைங்க. பிள்ளைக்கு ஆட்டுப்பால் குடுங்க, லேசா செரிக்கும்.

பண்டாரவளை தம்பி: ஓட்ஸ் பால் போதும் அக்கா. அரைக் கப் ஓட்ஸுக்கு ரெண்டு கப் குளிர்ந்த தண்ணி, அரை நிமிஷம் அரைச்சு பிழியாம வடிகட்டுங்க. பாயசம், கேக், தேத்தண்ணி எல்லாத்துக்கும் அதுவே.

கொட்டகலை அண்ணன்: பாயசத்துக்கு ஓட்ஸ் பால் வேணாம் தம்பி. சூடேறினா அதுல இருக்கிற மாச்சத்து வெந்து கொழகொழன்னு கஞ்சியாயிரும். பேசாம தேங்காய்ப்பால் மா (பவுடர்) வாங்குங்க.

ஹட்டன் அக்கா: தேங்காய் விக்கிற விலைக்கு மாவும் எங்க மலிவு? 2022 பொருளாதார நெருக்கடியில பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில நின்ன சனம் இன்னும் நிமிரல. கொழுந்து பறிக்கிற சனத்துக்கே பால் தேத்தண்ணி அரிதாப் போச்சு.

கொட்டகலை அண்ணன்: உண்மை அக்கா. சம்பளம் ஏறுறதுக்குள்ள விலைவாசி ஏறிருது.

நானுஓயா பேக்கரி: விலைக்கதையை அப்புறம் பேசுவோம், பிள்ளை விஷயத்தைப் பார்ப்போம். தங்கச்சி, பால் ஆகாதுன்னா வயிறு உப்பி வயித்தால போகுதா, இல்ல தோல் தடிச்சு வாய் வீங்குதா? வயசு என்ன? வீட்டுல கேக் சுடுற அவன் (oven) இருக்கா? முட்டை சேருமா?

திருச்சிக்காரி: மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல விட்டுட்டேன். தடிச்சு உதடு வீங்கும். பால் புரதம் அலர்ஜின்னு டாக்டர் சொன்னார். அஞ்சு வயசு முடியப் போகுது. முட்டையும் ஆகாது. சின்ன அவன் இருக்கு.

நானுஓயா பேக்கரி: அப்ப ஆட்டுப்பால் கூடவே கூடாது. அதிலயும் கிட்டத்தட்ட அதே புரதம்தான். தேங்காய்ப்பால் மா பலதுல கேசினேட் சேர்ப்பாங்க, அது பசும்பால் புரதம். மாஜரினிலயும் பால் இருக்கலாம். பொதியில கேசினேட், வே (whey), பால் திண்மம்னு ஒரு சொல் இருந்தாலும் அதை வாங்காதீங்க.

பாயசத்துக்கு நேரே தேங்காய் துருவிப் பிழியுங்க. ரெண்டாம் பால்ல ஜவ்வரிசி வேகட்டும். கருப்பட்டிப் பாகு ஊத்தி, அடுப்பை அணைச்சு, ஆவி அடங்கினதும் முதல்பால் விடுங்க. கொதிக்க விட்டா கொழுப்பைப் பிடிச்சு வச்சிருக்கிற புரதம் இறுகி எண்ணெய் கக்கிரும். பயமா இருந்தா முதல்பால்ல ஒரு தேக்கரண்டி அரிசிமா கரைச்சு, கொதி வராம கிண்டிக்கிட்டே சூடாக்குங்க.

கேக்குக்குச் சோயா பால்தான். புரதம் கூட, அதனால முட்டை இல்லாமலும் கேக் நிக்கும். பொண்ணு சோயா சாப்பிட்டிருக்காளா? சில பிள்ளைகளுக்கு அதுவும் சேராது.

திருச்சிக்காரி: மீல்மேக்கர் (சோயா உருண்டை) அடிக்கடி சாப்பிடுவா, ஒண்ணும் ஆகல.

நானுஓயா பேக்கரி: நல்லது. சீனி போடாத சோயா பால் கிடைச்சா வாங்குங்க. இல்லாட்டி 100 கிராம் சோயா அவரையை ராத்திரி முழுக்க ஊற வச்சு, 800 மில்லி கொதிதண்ணி விட்டு அரைங்க. சூட்டுல அரைச்சாத்தான் பச்சை வாடை வராது. மிக்சி மூடியை இறுக்காம துணியால பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அரைங்க. வடிச்சு 25 நிமிஷம் கொதிக்கணும். முதல்ல பொங்குறது வெறும் நுரை, வெந்துருச்சுன்னு இறக்கிராதீங்க. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும், அதான் கூடுதல் நேரம்.

கேக் அமுங்குறதும் உயரத்தாலதான். காத்தழுத்தம் குறைவு, மா வேகிறதுக்கு முன்னாடியே பொங்கி விழுந்துரும். 255 மில்லி சோயா பால்ல ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பத்து நிமிஷம் வைங்க, திரியும், அது வேணும். கோதுமைமா 200 கிராம், சீனி 140 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய, உப்பு ஒரு சிட்டிகை. உறையாத சமையல் எண்ணெய் 80 மில்லி. கட்டி உடையிற அளவுக்குக் கலக்கினா போதும். எட்டு அங்குலத் தட்டு, முன்கூட்டியே 190 பாகைக்குச் சூடாக்கின அவன், 28 நிமிஷத்துல குச்சி விட்டுப் பாருங்க.

பண்டாரவளை தம்பி: வர்றவங்களுக்குப் பால் தேத்தண்ணி?

நானுஓயா பேக்கரி: தேயிலைச் சாயம் கடுமையா, சூடா இருந்தா சோயா பால் திரியும். பாலை முதல்ல சூடாக்கிக் கோப்பையில விட்டு, சாயத்தை மெல்ல அதுமேல ஊத்துங்க. நம்மாளுங்களுக்கு இஞ்சிச் சாயத்தண்ணியும் கடிச்சுக்கக் கருப்பட்டியும் வைங்க. தங்கச்சி, பசும்பால் கலந்த கரண்டியும் கேக் தட்டும் தனியா இருக்கட்டும்.