மறு: எம்.வி.பி.க்குத் தமிழ்ச்சொல்: வெள்ளோட்டமா, போணிப் பதிப்பா?

> 'குறைந்தபட்ச சாத்தியப் பொருள்' வாயில் நுழையவில்லை. 'வெள்ளோட்டம்' என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

எம்.வி.பி. (minimum viable product) என்றால், வாங்க ஆள் உண்டா என்று அறிய, மிகக் குறைந்த வசதிகளோடு வெளியிடும் முதல் பதிப்பு. அதற்கு 'குறைந்தபட்ச சாத்தியப் பொருள்' வேண்டாம், சரி. 'சாத்தியம்' என்றதும் செய்ய முடியுமா என்ற கேள்விதான் எழுகிறது. செய்ததை யாராவது வாங்குவார்களா என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்?

வெள்ளோட்டம் அருமையான சொல். ஆனால் புதுத் தேரை வெள்ளோட்டம் விடும்போது உற்சவர் ஏறுவதில்லை. சக்கரம் உருள்கிறதா, அச்சு தாங்குகிறதா என்று பார்க்கிற ஓட்டம் அது. பீட்டாவுக்கு, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புக்கு, அதை வைத்துக்கொள்வோம். எம்.வி.பி.யில் முதல் நாளே உண்மையான ஆள் ஏற வேண்டும்.

பிறர் வீடுகளில் வாடகைக்குத் தங்க இடம் பிடித்துத்தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தைப் பாருங்கள். 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு; ஓட்டல்களில் இடமில்லை. அதைத் தொடங்கிய பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் ரோட் ஐலண்டு வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர்கள், வீட்டு வாடகைக்கே திணறிக்கொண்டிருந்தார்கள். காற்று மெத்தைகளைக் கூடத்தில் விரித்து, காலை உணவும் உண்டு என்று ஓர் எளிய இணையதளம் போட்டார்கள். இரவுக்கு 80 டாலர். மூன்று பேர் வந்து தங்கினார்கள். இணையத்தில் பணம் கட்டும் வசதியெல்லாம் பிறகு வந்ததுதான். முன்பின் தெரியாதவர் வீட்டில் காசு கொடுத்துத் தங்க ஆள் உண்டு என்பது மட்டும் அந்த வாரமே தெரிந்துவிட்டது.

கடையில் நடக்கும் முதல் விற்பனைதானே போணி? அதனால் என் பரிந்துரை: போணிப் பதிப்பு.

வடிவமைப்பாளர்களுக்கு இந்தச் சொல் மிகவும் தேவை. எழுத்துரு, நிறம், ஐகான் என்று ஃபிக்மா வடிவமைப்பு மென்பொருளிலேயே மாதக்கணக்கில் மெருகேற்றுகிறோம். 'முன்மாதிரி' என்று சொல்லும்வரை அதற்கு முடிவே கிடையாது. "போணி ஆச்சா?" என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை.

கோப்புகளை இணையத்தில் சேமித்துத்தரும் டிராப்பாக்ஸ் வெறும் காணொளியை வெளியிட்டு ஆயிரக்கணக்கானோரைக் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்ததே, அங்கே விற்பனை எங்கே என்று கேட்கலாம். அதையும் எம்.வி.பி. என்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. அது ஆவலை அளப்பது. அதற்குத் தனிச்சொல் தேடுவோம்.

'போணி' வடக்கேயும் வழங்கும் சொல் என்று மறுப்பீர்கள். உண்மைதான். ஆனாலும் காலையில் கடை திறக்கிற எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'முதல்விற்பனைப் பதிப்பு' இருக்கிறது, கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் முதல் வியாபாரத்தை எப்படிச் சொல்வார்கள் என்று ஈழத்து நண்பர்கள் எழுதினால், விக்சனரி இணைய அகராதியில் சேர்க்கும் முன் அதையும் வைத்துப் பார்க்கலாம்.