நெல் கொள்வனவு மென்பொருள்: கிளைகளில் நிறுவினால் லைசென்ஸ் பிழை

பரந்தன்சந்தி:
காலபோக அறுவடைக்கு முதல் ஐந்து கிளைகளிலும் ஓடவேண்டிய நெல் கொள்வனவு மென்பொருள் இது. சீ ஷார்ப், டொட்நெட் ஃபிரேம்வேர்க் 4.8, வின்டோஸ் ஃபோர்ம்ஸ். பட்டியல் காட்டக் காசு குடுத்து வாங்கின கிரிட் (அட்டவணைக் கூறு), தராசில் இருந்து நிறை எடுக்கப் பழைய எம்எஸ்கொம்32 ஓசிஎக்ஸ் (சீரியல் போர்ட்டை வாசிக்கிற கூறு), பற்றுச்சீட்டு அடிக்க ஒரு ரிப்போர்ட் கூறு. ரிப்போர்ட் கூறுக்கு மட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைசென்ஸ் கோப்பு இருக்கு.

எழுதின கொம்பியூட்டரில் ஒரு பிழையும் இல்லை. முழங்காவில், மாங்குளம் கிளைகளில் திறந்தவுடன் கிரிட்டின் "பரீட்சார்த்தப் பதிப்பு" பெட்டி வருது. தராசுப் பக்கத்துக்குப் போனால் 80040112 என்று பிழை. ஒட்டுசுட்டானில் இந்த இரண்டோடு, ரிப்போர்ட் லைசென்ஸ் "செல்லுபடியாகாது" என்றும் சொல்லுது. கிரிட்டோடு வந்த எங்கட டெவலப்பர் கீயை எல்லாக் கிளையிலும் போட்டுவிட்டால் சரிவருமோ?

குளக்கட்டு:
கீயைக் கிளைகளில் போடாதேங்கோ. அது மென்பொருள் எழுதுற ஆளுக்கென்று எண்ணி வித்த உரிமம். போட்டால் பெட்டி மறையும், ஆனால் ஒப்பந்தத்தை மீறினதாகும். தேவையும் இல்லை, இந்த வகைக் கிரிட்டுக்கு வேண்டிய உரிமம் உங்கட எக்ஸ்ஈக்கு (ஓடுற மென்பொருள் கோப்புக்கு) உள்ளேயே போகவேணும்.

அது உள்ளே போற வழி இதுதான். ப்ரொஜெக்டில் லைசென்சஸ் டொட் லிக்எக்ஸ் என்று ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். வரிக்கு, உரிமம் வேண்டிய ஒரு கொன்ட்ரோலின் (திரைக் கூறின்) பெயர். பில்ட் ஓடும்போது எல்சி டொட் எக்ஸ்ஈ என்ற டொட்நெட் லைசென்ஸ் கருவி அதை வாசித்து, அந்த மெஷினில் இருக்கிற டெவலப்பர் உரிமத்தில் இருந்து ஓட்ட நேரத்துக்கான கீயை எடுத்து ரிசோர்ஸாகப் பதிக்கும். கிளையில் கிரிட் அந்த ரிசோர்ஸைத்தான் தேடும். பெரும்பாலும் தேடுறது முதலில் திறபடுற எக்ஸ்ஈக்குள்ளே மட்டும்.

எனக்குப் படுறது, உங்கட ஃபோர்ம்கள் தனி டிஎல்எல்லில் (எக்ஸ்ஈ கூப்பிட்டுப் பாவிக்கிற துணைக் கோப்பில்) இருக்கு. அப்படியென்றால் ஃபோர்ம் வரையிற டிசைனர் லிக்எக்ஸ் கோப்பை டிஎல்எல் ப்ரொஜெக்டில்தான் எழுதியிருக்கும், எக்ஸ்ஈ வெறுமையாக இருக்கும். எழுதின மெஷினில் டெவலப்பர் உரிமம் நேரடியாகவே கிடைக்கிறதால் அங்கே பிழை தெரியாது.

டிஎல்எல்லில் உள்ள லிக்எக்ஸ் வரிகளை எக்ஸ்ஈ ப்ரொஜெக்டின் ப்ரொப்பர்ட்டீஸ் அடைவில் அதே பெயரில் ஒரு கோப்பாக வையுங்கோ. எக்ஸ்ஈ ப்ரொஜெக்டுக்குக் கிரிட் டிஎல்எல்லின் ரெஃபரன்ஸும் வேணும், இல்லாவிட்டால் எல்சிக்குப் பெயர் புரியாது. கோப்பின் பில்ட் அக்ஷன் "எம்பெடெட் ரிசோர்ஸ்" ஆக இருக்கவேணும். பிறகு பின், ஓபிஜே இரண்டு அடைவையும் அழித்துப்போட்டு ரிலீஸ் பில்ட் எடுங்கோ. ஓபிஜேயை அழிக்காவிட்டால் பழைய லைசென்சஸ் கோப்பே திரும்பப் போய்ச் சேர இடமிருக்கு.

கிளைக்குக் கொண்டுபோக முதல் எக்ஸ்ஈயை ஐஎல்ஸ்பையில் (எக்ஸ்ஈக்குள்ளே பார்க்கிற கருவியில்) திறந்து ரிசோர்சஸ் பகுதியைப் பாருங்கோ. "உங்கட பெயர் டொட் எக்ஸ்ஈ டொட் லைசென்சஸ்" என்று ஒன்று இருக்கவேணும். இல்லையென்றால் முழங்காவிலுக்குப் போறது வீண் அலைச்சல்.

முறிகண்டி:
80040112 வேறை கதை. அது கொம் (ஓசிஎக்ஸ் மாதிரியான பழைய வின்டோஸ் கூறுகளின் முறை) பக்கத்துப் பிழை: "இந்தக் கிளாஸைப் பாவிக்க உரிமம் இல்லை" என்று பொருள். எம்எஸ்கொம்32இன் டிசைன் உரிமம் விஷுவல் பேசிக் 6 போன்றதை நிறுவின மெஷினில்தான் இருக்கும். ஓசிஎக்ஸை மட்டும் கொப்பி பண்ணி ரெக்எஸ்விஆர்32ஆல் பதிந்தால் கிளாஸ் பதியும், உரிமம் வராது. பதியாமலே விட்டிருந்தால் வாற இலக்கம் 80040154. எந்த இலக்கம் என்று பார்த்தாலே எங்கே தேடுறது என்று தெரிஞ்சிடும்.

என்ரை கருத்து, அந்த ஓசிஎக்ஸைத் தூக்கி எறியுங்கோ. டொட்நெட் 2.0இல் இருந்தே சீரியல்போர்ட் கிளாஸ் கூடவே வருது, தனி உரிமம் வேண்டாம், 32 பிட் சிக்கலும் இல்லை. வேகம், பரிட்டி, டேட்டா பிட், ஸ்டொப் பிட் நாலையும் தராசுக் கையேட்டில் உள்ளபடி குடுங்கோ. டேட்டா ரிசீவ்ட் நிகழ்வு வேறை த்ரெட்டில் (ஓட்ட இழையில்) வரும், அதனால் நிறையைத் திரையில் எழுத, வேலையைத் திரையின் த்ரெட்டுக்கு அனுப்புற பிகின்இன்வோக் பாவிக்கவேணும். தராசு ஒரு வரியைத் துண்டு துண்டாகவும் அனுப்பும். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்துப் பிறகு பிரியுங்கோ. இல்லாவிட்டால் 62.5 கிலோ மூட்டை 2.5 என்று பதியும், அது விவசாயியின்ரை காசு.

வவுனிக்குளம்:
ஒட்டுசுட்டான் மெஷினில் முதலில் திகதியைப் பாருங்கோ. கரண்ட் நின்று வந்த பிறகு திகதி பல வருஷம் பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்துப்போச்சு. புதுசு 3 வோல்ட் காட்டும். லைசென்ஸ் கோப்பில் தொடக்கத் திகதி இருந்தால் அதுக்கு முந்தின திகதியில் மென்பொருள் மறுக்கும். சில கூறுகள் கடிகாரம் பின்னுக்குப் போனதைக் கண்டால் பூட்டியே விடும். பற்றரியை மாற்றி, பயோஸில் திகதியையும் நேரத்தையும் சரிசெய்த பிறகுதான் மென்பொருளைத் திறக்கவேணும்.

திகதி சரியென்றால் மெஷின் அடையாளத்தைப் பாருங்கோ. சில கூறுகள் நெட்வேர்க் அடப்டரின் மக் முகவரியையும் (அடப்டருக்குரிய தனி இலக்கத்தையும்) சேர்த்து அடையாளம் எடுக்கும். யூஎஸ்பி வைஃபை டொங்கிள் குத்தியிருக்கும்போது எடுத்த லைசென்ஸ், டொங்கிளைக் கழற்றினால் பொருந்தாது. எல்லா டொங்கிளையும் கழற்றி, ஃபோன் டெதரிங்கையும் நிப்பாட்டிப்போட்டு, புது லைசென்ஸ் கேட்கிற கோரிக்கைக் கோப்பை எடுங்கோ. பென்டிரைவில் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து பதில் கோப்பை வாங்கலாம், கிளையில் இன்டர்நெட் தேவைப்படாது.

பரந்தன்சந்தி:
டிஎல்எல் கதை சரி, அப்படித்தான் இருந்தது. லிக்எக்ஸை மாற்றினேன், பெட்டி போய்விட்டது. ஒட்டுசுட்டானில் திகதி 2012. ஆனால் இரண்டாவது பில்ட் மெஷினில் இப்ப எல்சி, "டைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எல்சி0003 பிழையோடு நிற்குது.

குளக்கட்டு:
அந்த மெஷினில் கிரிட்டின் வேறை பதிப்பு இருக்கு. லிக்எக்ஸ் வரியில் வேர்ஷன், கல்ச்சர், பப்ளிக் கீ டோக்கன் மூன்றையும் வெட்டிவிட்டு, டைப் பெயரும் அசெம்ப்ளிப் பெயரும் மட்டும் விடுங்கோ. பிழை எல்சி0004 (டைப்பை உருவாக்கும்போது வாற பிழை) ஆக மாறினால் அங்கே டெவலப்பர் உரிமம் இல்லையென்று முதலில் சந்தேகப்படுங்கோ. ரிலீஸை முதல் மெஷினிலேயே எடுங்கோ.