காஸ்டிக் சோடா இல்லாம பழைய பேப்பர்ல மை எடுக்க பூந்திக்கொட்டை சரிப்படுமா?

வெண்ணாத்தங்கரை:
வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்க மகளிர் குழுவுல பழைய பேப்பரைக் கூழாக்கி ஃபைல் அட்டை, கவர் பண்றோம். பெரும்பாலும் நியூஸ்பேப்பர், கொஞ்சம் ஸ்கூல் பரீட்சைப் பேப்பர். மை போக காஸ்டிக் சோடாவும் சோப்புத்தூளும் போடச் சொல்லிக்குடுத்தாங்க, ஆனா கை எரியுது, அந்தத் தண்ணிய எங்க விடுறதுன்னும் தெரியல, பக்கத்துலயே பாசன வாய்க்கால், மாடு குடிக்குது, புள்ளைங்க குளிக்குதுங்க. பூந்திக்கொட்டையோ சீயக்காயோ போட்டா மை போகுமா?

குடமுருட்டி:
போகும்க்கா, ஆனா எல்லா மையும் போகாது. நான் பேப்பர் மில்லுல இருந்தவன். அங்க கூழுக்குள்ள காத்தைக் குமிழா விடுவாங்க, மைத்துகள் குமிழ்ல ஒட்டிக்கிட்டு நுரையோட மேல வந்துரும், வழிச்சு எடுத்துருவாங்க. அந்த நுரைக்குத்தான் சோப்பு. பூந்திக்கொட்டைத் தோல்ல இருக்குற சப்போனினும் நுரை குடுக்கும். நியூஸ்பேப்பர் மை எண்ணெய் மை, நல்லா வரும், ஆனா மாசக்கணக்கா கெடந்த பேப்பர்ல காஞ்சு இறுகிடும், அதனால புதுசா பாத்து வாங்குங்க. ஜெராக்ஸ் மை சூட்டுல உருகி ஒட்டின பிளாஸ்டிக், செதில் செதிலா நிக்கும். பரீட்சைப் பேப்பர்ல பேனா மை சாயமா நாருக்குள்ள ஊறிடும், அதைத் தனியா வச்சு கலர் அட்டைக்குப் போட்டுருங்க.

இன்னொரு லாபமும் இருக்கு, காஸ்டிக் பட்டா நியூஸ்பேப்பர் கூழ் மஞ்சளாயிரும், அதுக்குத்தான் மில்லுல வெளுக்க வைக்கிற பெராக்சைடும் சேக்குறாங்க. காஸ்டிக்கை போடாம விட்டுட்டா அந்த மஞ்சள் குறையும். ஆனா நார் சீக்கிரம் பிரியாது, வெதுவெதுப்பான தண்ணில கூடுதலா ஊறப்போடணும். காத்து விடுற நேரத்துல கூழ் தண்ணியா இருக்கணும், 100 லிட்டருக்கு ஒரு கிலோ பேப்பர் கணக்கு. டிரம்முல மீன்தொட்டி ஏர் பம்ப்பை விட்டுப் பாருங்க.

கீழவாய்க்கால்:
செடிலேர்ந்து வந்ததுதானேன்னு மட்டும் வாய்க்கால்ல விட்டுராதீங்க, கையெடுத்துக் கேக்குறேன். சப்போனின் மீனோட செவுளைக் கெடுத்துரும், பூந்திக்கொட்டைய நசுக்கிப்போட்டு மீன் புடிக்கிற பழக்கமே சில ஊர்ல உண்டு. நம்ம வாய்க்கால்ல கெண்டைக்குஞ்சும் கெளுத்தியும் மிச்சம் இருக்குறதே கொஞ்சம். தண்ணிய துணில வடிகட்டி அடுத்த கூழுக்கே ஊத்துங்க. வழிச்ச நுரைல மை முழுக்க இருக்கு, அதை எருக்குழில போடவே கூடாது, காயவச்சு மூட்டைல தனியா வைங்க.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றி, மீன் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்க போர் தண்ணி கடினத்தண்ணி, சோப்பே நுரைக்காது, பரவால்லையா?

குடமுருட்டி:
பூந்திக்கொட்டைக்கு அது பெரிய தடை இல்லக்கா. அதுல மை சரியா வரலன்னா தவிட்டெண்ணெய் சோப்பு கொஞ்சம் சேருங்க, தண்ணில இருக்குற சுண்ணாம்புச்சத்து சோப்போட சேந்து பொடிப்பொடியா திரியும், மை அதுல போய் ஒட்டும், மில்லுல சோப்பு போடுற எடத்துல கால்சியம் வேணும்னே சேப்பாங்க. முதல்ல ஒரு வாளில போட்டுப் பாருங்க, வழிச்ச நுரை கருப்பா வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.