மகளின் சடங்குப் படங்களை முகநூலில் போட்டது தவறா?

ஹட்டன் அம்மா:
ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன்; கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். கடந்த மாதம் பன்னிரண்டு வயதான எங்கள் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா செய்தோம். தகப்பன் அருகில் இல்லாத குறை தெரியக்கூடாதென்று, மஞ்சள் நீர் ஊற்றியது முதல் தாய்மாமன் சீர் வைத்தது வரை நாற்பது படங்களை அன்றிரவே எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்டேன். வாசலில் கட்டிய பதாகையும் அவற்றில் இருந்தது; மகளின் முழுப் பெயரும் பிறந்த திகதியும் அதில் இருந்ததை நான் அப்போது நினைக்கவே இல்லை. திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனவள் அழுதுகொண்டே திரும்பினாள். ஈரச் சேலையோடு அவள் நிற்கும் படம் மாணவன் ஒருவனின் கைத்தொலைபேசியில் இருந்திருக்கிறது. "என்னைக் கேட்டீங்களாம்மா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள், அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் போட்டவற்றை நீக்கிவிட்டேன், ஆனால் ஸ்டூடியோவின் பக்கத்தில் படங்கள் இன்னும் இருக்கின்றன. என்ன செய்வது?

தலவாக்கலை ஆசிரியை:
தங்கச்சி, உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16ஆம் உறுப்புரை அந்தரங்கத்துக்கான உரிமையையும் பிள்ளைக்குத் தருகின்றன. நம் வீடுகளில் சடங்கு என்பது ஊர் கூடிச் செய்வது; தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியாமல் எதுவுமே நடப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பந்தலுக்கு வந்தவர்கள் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள், சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனவர்கள். முகநூலில் பார்ப்பவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த மாணவனைப் பற்றி வகுப்பாசிரியரிடம் இன்றே பேசுங்கள்; படம் மேலும் பரவினாலோ, யாராவது அதை வைத்து மிரட்டினாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது குறைவல்ல.

நுவரெலியா படப்பிடிப்பாளர்:
ஸ்டூடியோக்காரர்கள் விளம்பரத்துக்காகப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. நானும் முன்பு செய்திருக்கிறேன், இப்போது எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடுவதில்லை. நேரில் போய் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் படமென்று பெற்றோரே முகநூலுக்கு முறைப்பாடு செய்யலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலும் தன் வீட்டுத் தேவைக்காகத் தனிப்பட்ட தரவுகளைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஆகவே வீட்டுக்குள் பிள்ளையைக் காப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

பொகவந்தலாவை அக்கா:
எனக்கு இருபத்து நான்கு வயது. என் சடங்குப் படத்தை அப்பா போட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாது. உங்கள் மகள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், அந்த வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஹட்டன் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. பிறகு அப்பாவுக்கு எந்தப் படங்களை அனுப்பலாமென்று அவளையே தெரிவு செய்யச் சொன்னேன். நாற்பதில் ஆறை எடுத்தாள். நான்கில் அவளுடைய அப்பாயி பக்கத்தில் இருக்கிறார். அந்த ஆறையும் கணவருக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நாளை ஸ்டூடியோவுக்குப் போகிறேன், தானும் வருவதாகச் சொல்கிறாள்.