செட்டிகுளம் வீடு 2

வசந்தி அக்கா: கலா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. சுதனின் கன்னத்தில் இருப்பது குட்டநோய் என்று கோயிலில் இரண்டு பேர் கதைத்தார்கள். சாமத்தியவீட்டில் பிள்ளைக்குப் பால் அறுகு வைக்க அவன்தானா வருகிறான்?

கலா: தாய்மாமன் அவன் ஒருவன்தானே அக்கா. வேறு யாரை நிறுத்துவது?

நிரு: யார் அந்த இரண்டு பேர்?

வசந்தி அக்கா: அது உனக்கு வேண்டாம்.

சுதன்: குட்டம் இல்லை. கட்டியைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய்.

ராசா சித்தப்பா: எல்லாரும் கவனியுங்கள். இதைப் பரப்புவது நுளம்பு இல்லை, மணல் ஈ. நுளம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், சத்தமே போடாது. சுதன் வயலில் யானைக் காவலுக்குப் படுத்தானே, அங்கேதான் கடித்திருக்கும். நுளம்பு ஊசி மாதிரிக் குத்தும். இது தோலைக் கிழித்து, ஊறுகிற இரத்தத்தை நக்கும். அப்போது எச்சிலோடு வால் வைத்த ஒட்டுண்ணிகளும் உள்ளே போகும்.

நிரு: மாஸ்டர் பாடம் தொடங்கிவிட்டார்

செல்லம் பெரியம்மா: பித்தளைக் குடம் யாரிடம் இருக்கிறது

ராசா சித்தப்பா: குறுக்கிடாதீர்கள். உள்ளே போனவற்றில் பலதை இரத்தத்தில் உள்ள புரதங்களே துளை போட்டுக் கொன்றுவிடும். மிச்சத்தை விழுங்க நியூற்றோபில் என்ற வெண்குழியங்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவரும். விழுங்கும், ஆனால் எல்லாவற்றையும் கொல்லாது. அவை சாகும்போது பெருவிழுங்கி என்கிற பெரிய குழியம் வந்து, செத்ததையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து விழுங்கும். அதற்குள் கிருமியைச் செரிக்க அமிலப் பை ஒன்று உண்டு. இந்த ஒட்டுண்ணி அந்தப் பைக்குள்ளேயே வாலைச் சுருக்கி, உருண்டையாகி, பெருகத் தொடங்கும்!

நிரு: பிடிக்க வந்தவன் வீட்டிலேயே குடித்தனம்

வசந்தி அக்கா: வாடகையும் கொடுக்காமல்.

கலா: அக்கா, அது யாருக்குச் சொன்னது?

வசந்தி அக்கா: கிருமிக்கு.

நிரு: தெற்கு அறைக் கிருமி

கலா: ஐயா இருக்கும்போதே முடிந்த கதை அது. சிலருக்குத்தான் இன்னும் முடியவில்லை.

வசந்தி அக்கா: (இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

செல்லம் பெரியம்மா: குடம்

சுதன்: சித்தப்பா, ஐந்து மாதமாக வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. உடம்புக்குத் தெரியவே இல்லையா?

ராசா சித்தப்பா: நல்ல கேள்வி. ஈயின் எச்சில் தொடக்கத்தில் உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடும். கட்டி தெரியவே கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பிறகு ரி கலங்கள் என்ற வேறு வெண்குழியங்கள் வந்து இன்டர்பெரோன் காமா என்ற சைகையைக் கொடுக்க வேண்டும். அது கிடைத்தால்தான் பெருவிழுங்கி நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாக்கித் தன் வயிற்றில் இருப்பதைக் கொல்லும். அந்தப் படையெல்லாம் கூடி நிற்கிற இடம்தான் உன் கன்னத்துக் கட்டி. சைகை மாறிப் போனால் நோய் இழுத்துக்கொண்டே போகும். லீஷ்மேனியாவில் இது டொனோவானி இனம். 1903இல் மெட்ராஸில் இருந்த டொனோவன் என்ற மருத்துவர் கண்டது. பீகாரில் ஈரல், மண்ணீரலுக்குப் போய் ஆளையே கொல்லும். எங்கள் இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நிற்கிறது.

வசந்தி அக்கா: அதெல்லாம் சரி. தொட்டால் ஒட்டுமா ஒட்டாதா?

ராசா சித்தப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன்.

நிரு: எப்போது?

சுதன்: ஒட்டாது அக்கா. கிழமைக்கு ஒரு ஊசி, கட்டிக்குள்ளேயே போடுகிறார்கள். இன்னும் நான்கு இருக்கிறது. இப்போதுதான் வலிக்கிறது.

வசந்தி அக்கா: சரி, வரட்டும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது. அல்பம் காலத்துக்கும் இருக்கும்.

கலா: அவன் முகம், அவன் விருப்பம்.

சுதன்: வீடியோக்காரரை இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

வசந்தி அக்கா: பால் அறுகு வலப்பக்கம் நின்றுதானே வைப்பது?

ராசா சித்தப்பா: அதற்கும் ஒரு முறை உண்டு, சொல்கிறேன்.

நிரு: ஐயோ

செல்லம் பெரியம்மா: (குரல் பதிவு, 2:10)

கலா: குடம் வசந்தி அக்கா வீட்டில்தானாம்.

வசந்தி அக்கா: என்னிடம் இருப்பது வேறு குடம்.